சாவி, குடை, பசி

நமக்குப் பசி எடுக்கும்.
வால்பரைசோவின் மலைச்சரிவில் பேசும் மொழியிலோ
பசி இருக்கும்.
என்னிடம் சாவி இருக்கிறது,
என்னிடம் குடை இருக்கிறது,
என்னிடம் பசி இருக்கிறது என்பார்கள்.

ஹசிந்தா ஓயார்சூனிடம்
ரொட்டிக்கடையின் மூன்று சாவிகள் இருக்கின்றன.
கம்பி வளைந்த குடை ஒன்றும் இருக்கிறது.
மார்ச் பதினொன்றாம் தேதி
இரைப்பையை முழுசாக எடுத்துவிட்டார்கள்.
உணவுக்குழாயின் நுனியைச்
சிறுகுடலோடு சேர்த்துத் தைத்தாயிற்று.
புற்று போயிற்று.
கூடவே இன்னொன்றும்.

காலி வயிறுதான் பசி என்றால்
வயிறே இல்லாதவளுக்கு
நாள் முழுக்கப் பசிக்க வேண்டாமா?

டாக்டர் இயானெஸ் மருந்துச்சீட்டின் முதுகில்
சுரைக்காய் மாதிரி ஒன்றை வரைந்தார்.
அதன் மேல்வளைவில் புள்ளி புள்ளியாய் வைத்தார்.
கிரெலின் பெரும்பாலும் இங்கேதான் ஊறும்.
நீங்கள் வழக்கமாய்ச் சாப்பிடும் நேரத்துக்குச்
சற்று முன்னால் ரத்தத்தில் ஏறும்.
மூளையின் அடித்தளத்தில்
பாதாம்பருப்பு அளவு ஓர் இடம்,
அங்கே போய்க் கதவைத் தட்டும்.
உங்களுக்குக் கதவு இருக்கிறது.
தட்டுகிறவர்தான் போய்விட்டார்.
குடலிலும் கொஞ்சம் ஊறத்தான் செய்கிறது,
ஆனால் அது கிசுகிசு.

அப்படியானால் ராத்திரி இந்தக் கடமுடா?

பெருக்குகிற சத்தம், என்றார்.
கடைசி ஆளும் போனபின்
நாற்காலிகளை மேசைமேல் கவிழ்த்துவிட்டுக்
குடல் தன் தரையைக் கூட்டுகிறது,
ஏறக்குறைய ஒன்றரை மணிக்கு ஒருமுறை.

ஐம்பத்திரண்டு வருஷமாய்
துடைப்பத்தின் சத்தத்தையா
பசி என்று நம்பினேன்?

பசி மருந்துக்கடையில் கிடைக்குமா என்று கேட்டாள்.
அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.
அவளுடைய போனை வாங்கி
ஆறு அலாரம் வைத்துக் கொடுத்தார்.

இழுவைப்பெட்டியில் மலையேறும்போது அலறும்.
எதிரே இருப்பவன் தன் பையைத் தடவிப் பார்ப்பான்.
ஹசிந்தா பாலாடைக்கட்டித் துண்டை எடுத்து
ரசீதில் முத்திரை குத்துகிறவள்போல
மெல்லுவாள்.

விடியற்காலை நாலரைக்கு அடுப்பு திறக்கும்.
வரிசையில் நிற்பவர்கள் எச்சில் விழுங்குவார்கள்.
எல்லோரும் சிரிக்கும் வேடிக்கை
தனக்கு மட்டும் புரியாத அயலூர்க்காரியாய்
அவர்கள் தொண்டையையே பார்ப்பாள்.

ஆகஸ்டில் புயல்.
மூன்று நாள் மின்சாரம் இல்லை.
போன் செத்தது.
விறகடுப்பு என்பதால் கடை நடந்தது,
மாவு பிசைந்தாள், அடுக்கினாள், விற்றாள்.
மாலையில் கை நடுங்கியது. குளிர் என்று நினைத்தாள்.
உப்பு ஜாடி தவறி உடைந்தது.
அப்போதும் குளிர் என்றுதான் நினைத்தாள்.

வாசலில் சுர்தோ.
யாருடைய நாயும் இல்லை.
தினம் ஆறரைக்கு வந்து
இடது முன்னங்காலால் கதவைக் கீறும்,
அதனால் அந்தப் பெயர், இடக்கையன்.
கடிகாரம் இல்லை, முதலாளி இல்லை,
மின்வாரியத்தோடு எந்தக் கொடுக்கல்வாங்கலும் இல்லை.
உடம்பெல்லாம் மழை.
உள்ளே எதுவோ ஏற்கெனவே ஏறி
தட்டிக்கொண்டிருக்கிறது.

நான்காய்ப் பிளக்கும் ரொட்டியை உடைத்தாள்.
கண்ணில் பட்டதுமே அவன் கீறுவதை நிறுத்தினான்.
உணவைக் கண்டாலே அந்தத் தட்டல் தணியுமாம்,
ஒரு கவளம் உள்ளே போகும் முன்பே.
எலிகளில் பார்த்திருக்கிறார்களாம்.
நாயைப் பற்றி டாக்டர் ஒன்றும் சொல்லவில்லை.

முதல் துண்டு அவனுக்கு.
அவன் தாடை அசைவதைப் பார்த்தபடியே
அடுத்ததைத் தன் வாயில் வைத்தாள்.
முப்பது தடவை மென்றாள்.
அதற்குள் அவன் முடித்துவிட்டு
அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வியாழக்கிழமை மின்சாரம் வந்தது.
ஐந்து அலாரங்களை இருக்கட்டும் என்று விட்டாள்.
ஆறரையை அழித்தாள்.

செப்டம்பரில் ஒருநாள்
ஏழாகியும் அவனைக் காணவில்லை.
ஏழேகாலும் ஆயிற்று.
கையில் ரொட்டியோடு
படிக்கும் தெருமுனைக்குமாய் நடந்து,
வாய்க்கு வந்த வசவெல்லாம் வைதுகொண்டு,
உள்ளே என்னவோ கிள்ள,
ஹசிந்தா நின்றாள்.